பில்லுக்குக் கொடுத்த நம்பர்

கோவில்பட்டியில் சின்னதாக ஒரு செல்போன் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்றுவது, சார்ஜிங் பின் சரி பண்ணுவது, டெம்பர் ஒட்டுவது, ரீசார்ஜ் போடுவது இதுதான் தொழில். ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பலருடைய போனில் எந்தக் கோளாறும் இருக்காது. “மெசேஜ் வரும்னு சொன்னாங்க அண்ணாச்சி, வரவே மாட்டேங்குது. என்னன்னு பாருங்க” என்று போனை நீட்டுவார்கள். வாங்கிப் பார்த்தால் மெசேஜ் ஒழுங்காக வந்திருக்கும். அதன் தலைக்கு மேலே வேறு முப்பது மெசேஜ் ஏறி உட்கார்ந்திருக்கும்.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஓர் அக்கா அப்படித்தான் வந்தார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி, “நாலு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கக்கா” என்று கேட்டிருக்கிறார். சிலிண்டருக்கு பில் போட்டதும் எஸ்எம்எஸ்ஸில் வரும் 4 இலக்க எண் அது. அக்கா தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. இன்னும் பத்து வீடு பாக்கி இருக்கிறது என்று அந்தத் தம்பி சிலிண்டரைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் மெசேஜ்களை விரலால் தள்ளிக்கொண்டே போனேன். நகைக்கடையில் செய்கூலி தள்ளுபடி. நான்குவழிச் சாலைக்குப் பக்கத்தில் மனை விற்பனை. “உங்களுக்கு 2 லட்சம் ரூபாய் லோன் தயார்.” ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி, அதே கடையிலிருந்து அதே நாளில் மறுபடியும் ஆடித் தள்ளுபடி. நீட் கோச்சிங், அக்கா வீட்டில் படிக்கிற வயதில் யாருமே இல்லை. இந்தக் குவியலுக்குள்தான் கேஸ் எண் கிடந்தது. ரேஷன் கடையில் வாங்கிய அரிசிக்கான மெசேஜும், மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரவு வைத்த மெசேஜும் அங்கேதான் கிடந்தன. படிக்காத மெசேஜ்கள் மட்டும் 1,800-ஐத் தாண்டியிருந்தன.

“இவங்களுக்கெல்லாம் எப்பக்கா நம்பர் குடுத்தீங்க?” என்று கேட்டேன். அக்கா யோசித்து யோசித்துச் சொன்னார். தீபாவளிக்குச் சேலை எடுத்த கடை. கொலுசு மாற்றிய நகைக்கடை. செருப்புக் கடை. சுகர் டெஸ்ட் எடுத்த லேப். பொருட்காட்சியில் நிரப்பிப் போட்ட குலுக்கல் கூப்பன். சொல்லி முடித்துவிட்டு, “பில்லுக்குத்தானய்யா குடுத்தேன், இதுக்கா குடுத்தேன்?” என்றார்.

இந்த விஷயத்தின் மொத்தமும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. நம்பரை அவர் கொடுத்தது ஒரு வேலைக்காக. அந்த வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மெசேஜும் அவரைக் கேட்காமல் அவர் வீட்டுக்குள் வந்தது. செல்போன் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில், இது எப்படி நடக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, நாம் என்ன செய்யலாம் என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

கவுண்டரில் நடப்பது

பெரிய கடைகளில் முதல் பொருளை ஸ்கேன் பண்ணுவதற்கு முன்பே “நம்பர் சொல்லுங்க” என்று கேட்டுவிடுகிறார்கள். நமக்குப் பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். எதற்கு என்று கேட்க நேரமும் இல்லை, கூச்சமும் விடாது. நம்பர் இல்லாமல் பில் வராது போலிருக்கிறது என்று நினைத்துச் சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்கிற பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கு எத்தனை நம்பர் ஏற்றினாய் என்று அவரை மேலே இருப்பவர்கள் கேட்பார்கள்.

நானும் ஜிஎஸ்டி பில் போடுகிறவன்தான். பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதியே வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் வாங்குகிறவரின் செல் நம்பர் கிடையாது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் வாங்கினால் பெயரும் முகவரியும் வேண்டும். அப்போதுகூட நம்பர் கட்டாயம் இல்லை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் நலத்துறை இதற்காகவே சில்லறை வணிகர்களுக்கும் வணிக அமைப்புகளுக்கும் அறிவுரை அனுப்பியது. நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்துவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை என்று அப்போது துறைச் செயலாளராக இருந்த ரோஹித் குமார் சிங் வெளிப்படையாகவே சொன்னார். ஆகவே, “நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க” என்று சொல்ல நமக்கு முழு உரிமை இருக்கிறது. அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணமாகச் சொன்னாலே போதும்.

பில்லிங் சாஃப்ட்வேருக்குள் போன நம்பர் அங்கேயே தங்குவதில்லை. மாதக் கடைசியில் மொத்தமாக எக்செல் பட்டியலாக இறங்கும். பல்க் எஸ்எம்எஸ் அனுப்பும் ஏஜென்சிக்குப் போகும். ஓர் எஸ்எம்எஸ்ஸுக்கு ஆகும் செலவு பைசாக் கணக்குதான். ஆயிரம் பேருக்கு அனுப்பி ஒருவர் கடைக்கு வந்தாலும் கடைக்காரருக்கு லாபம். அதனால் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை. மீதி 999 பேரின் நேரத்துக்கும் தொல்லைக்கும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இடம் கிடையாது.

கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் சொல்கிறோம். அந்த நோட்டைப் பார்த்து மறுவாரமே ஒரு சீட்டுக் கம்பெனிக்காரர் நம் வீட்டுக் கதவைத் தட்டினால் ஊரே கொதிக்கும். நம்பர் விஷயத்தில் அதே காரியம் தினமும் நடக்கிறது; நாம் பழகிப்போய்விட்டோம்.

பெயரின் கடைசியில் ஓர் எழுத்து

கம்பெனிகளிடமிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, ஒரு கோடு, பிறகு கம்பெனியின் சுருக்கப் பெயர். முதல் எழுத்து எந்த டெலிகாம் கம்பெனி வழியாக அது புறப்பட்டது என்பதையும், இரண்டாவது எழுத்து எந்த மாநில வட்டத்திலிருந்து என்பதையும் காட்டும். 2025-இல் டிராய், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், விதிகளைத் திருத்தியது. அதன்பின் பெயரின் கடைசியில் இன்னும் ஓர் எழுத்து சேர்ந்திருக்கிறது. ‘பி’ என்றால் விளம்பரம். ‘எஸ்’ என்றால் சேவைத் தகவல். ‘டி’ என்றால் ஓடிபி போன்ற பரிவர்த்தனைத் தகவல். ‘ஜி’ என்றால் அரசுத் தகவல்.

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த ஓர் எழுத்தைத்தான். படிக்கத் தெரியாத ஆச்சிகூட அந்த எழுத்தின் உருவத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, இதை விட்டுவிடலாம், இதைப் பேரனிடம் காட்ட வேண்டும் என்று பிரித்துவிடுகிறார்.

இந்தப் பெயர்களை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியாது. 2018-இல் டிராய் கொண்டுவந்த விதிகளின்படி, மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் ஒவ்வொரு கடையும் கம்பெனியும் டெலிகாம் கம்பெனிகள் நடத்தும் டிஎல்டி என்ற கணினிப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். அனுப்பும் பெயரையும் அங்கே பதிய வேண்டும், அனுப்பப்போகும் வாசகத்தின் மாதிரியையும் பதிய வேண்டும். நமக்கு வரும் ஒவ்வொரு விளம்பர எஸ்எம்எஸ்ஸுக்கும் பின்னால் ஒரு பதிவு எண் இருக்கிறது. அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. “யாரோ அனுப்புறான், என்ன பண்ண முடியும்” என்று கைவிட வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ரீசார்ஜ் நோட்டு

எங்கள் தொழிலில் ரீசார்ஜ் நோட்டு என்று ஒன்று உண்டு. நீளமான நோட்டு. வாடிக்கையாளர் நம்பரைச் சொல்வார், கடைக்காரர் எழுதுவார், தொகை போடுவார், டிக் அடிப்பார். நாளொன்றுக்கு ஒரு பக்கம், இரண்டு பக்கம் நிறையும். ஒருநாள் பல்க் எஸ்எம்எஸ் ஏஜென்சி ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். “பழைய ரீசார்ஜ் நோட்டு இருந்தா குடுங்கண்ணே, போட்டோ எடுத்துட்டுத் தந்துடுறேன். ஒரு தொகை தர்றேன்” என்றார். ஒரு போட்டோவில் ஐம்பது பேர். எங்கள் தெருவில் இருக்கிற டீச்சர், காலேஜுக்குப் போகிற பிள்ளைகள், கணவர் வெளிநாட்டில் இருக்கிற தங்கச்சிகள் எல்லாரும் அந்தப் பக்கங்களில் இருந்தார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்று இரவே நோட்டுகளைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்தேன்.

அப்படிச் செய்யக் காரணம் இருந்தது. 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளிலிருந்து பெண்களின் நம்பர்கள் விற்கப்பட்ட செய்தி நாடெங்கும் வந்தது. பெண்ணின் தோற்றத்தைப் பார்த்து 50 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை விலை வைத்து விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்கள் முன்பின் தெரியாத அந்தப் பெண்களை அழைத்துத் தொல்லை கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலுக்கே தலைகுனிவு அது. கடைக்காரன் கையில் இருக்கும் பட்டியல் ஒரு கடையின் சொத்தாக அவனுக்குத் தெரியலாம். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு வீட்டின் நிம்மதி.

நம்பரே வாங்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாதா? முடியும். 2018-இல் வோடபோன் நிறுவனம் பெண்களுக்காக ‘சகி’ என்ற சேவையைக் கொண்டுவந்தது. கடைக்காரரிடம் உண்மையான நம்பரைச் சொல்லாமல், அதற்குப் பதிலாக வரும் ஒரு மாற்று எண்ணைச் சொல்லி ரீசார்ஜ் செய்துகொள்ள முடிந்தது. வேலையும் நடந்தது, நம்பரும் வெளியே போகவில்லை. செய்ய மனம் இருந்தால் வழி இருக்கிறது என்பதற்கு எங்கள் தொழிலிலேயே கிடைத்த சாட்சி அது. என் கடையில் இப்போது நோட்டு கிடையாது. ரீசார்ஜ் போனை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். நம்பரை அவர்களே அடிக்கிறார்கள், நான் தொகையை மட்டும் பார்க்கிறேன்.

டிஎன்டி போட்டும் ஏன் வருகிறது?

அடிக்கடி என்னிடம் வரும் கேள்வி இது. டிஎன்டி என்பது விளம்பரம் வேண்டாதவர்களின் பதிவேடு. அது நம் நாட்டில் 2007-இலிருந்தே இருக்கிறது. ‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கிலத்தில் அடித்து 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எல்லா விளம்பரங்களையும் தடுக்கும். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் 1909-க்குப் போன் பண்ணியும் பதியலாம். முழுதும் வேண்டாம், சிலது மட்டும் வரட்டும் என்றால் அதற்கும் 8 பிரிவுகள் இருக்கின்றன: வங்கி மற்றும் காப்பீடு, மனை, கல்வி, மருத்துவம், நுகர்பொருள் மற்றும் வாகனம், தகவல் தொடர்பு மற்றும் பொழுதுபோக்கு, சுற்றுலா, உணவு.

ஆனால் டிஎன்டிக்கு ஓர் எல்லை உண்டு. நாம் சம்மதம் கொடுத்திருக்கிறோம் என்று ஒரு கடை காட்டினால், அந்தக் கடையின் விளம்பரத்தை டிஎன்டி தடுக்காது. எப்போது கொடுத்தோம்? கூப்பனின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு வரியில். ஆப் திறந்ததும் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்த ஒரு கட்டத்தில். கவுண்டரில் வாய்விட்டுச் சொன்ன பத்து எண்களில். அப்படிக் காகிதத்திலும் கவுண்டரிலும் வாங்கியதாகச் சொல்லப்படும் சம்மதங்களைச் சரிபார்க்கவே முடியவில்லை என்பதுதான் டிராயின் பெரிய தலைவலி. அதனால்தான் சம்மதத்தையே டிஜிட்டலில் பதியும் முறைக்கு 2023-இல் உத்தரவிட்டது. 127 என்று தொடங்கும் எண்ணிலிருந்து, இன்ன கம்பெனி விளம்பரம் அனுப்பலாமா என்று நம்மைக் கேட்பார்கள். நாம் சரி என்றால்தான் சம்மதம். 2025-இல் ரிசர்வ் வங்கியோடு சேர்ந்து சில வங்கிகளில் இதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

2025 திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி வேறு. ஒரு கொடுக்கல் வாங்கலை முடிப்பதற்காக நாம் தரும் சம்மதம் 7 நாட்களுக்கு மட்டுமே செல்லும். சேலை எடுத்து ஒரு வருடம் கழித்து, அன்றைக்கு நம்பர் கொடுத்தீர்களே என்று சொல்ல முடியாது. விளம்பர எஸ்எம்எஸ் ஒவ்வொன்றிலும் விலகுவதற்கான வழி இருக்க வேண்டும். விலகியவரிடம் 90 நாட்களுக்குத் திரும்பவும் சம்மதம் கேட்டு வரக் கூடாது. புகார் கொடுக்க முன்பு 3 நாள்தான் அவகாசம். இப்போது 7 நாள். பதிவு செய்யாத நம்பரிலிருந்து தொல்லை கொடுப்பவர்மீது 10 நாட்களுக்குள் 5 புகார் வந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆகவே, நம் ஒருவர் புகாருக்கு என்ன மரியாதை என்று நினைக்காதீர்கள். ஐந்தில் ஒன்று நம்முடையது.

சட்டத்துக்குள் ஒரு மருந்துக் கடை

2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017-இல் சொன்ன தீர்ப்பின் தொடர்ச்சி இது. சட்டம் என்றதும் நமக்குப் புரியாது என்று ஒதுங்க வேண்டாம். அதற்குள் சிறு சிறு கதைகளாக உதாரணங்கள் எழுதியிருக்கிறார்கள். 7-ஆம் பிரிவில் ஒரு மருந்துக் கடை வருகிறது. ஒரு பெண் மருந்து வாங்குகிறார். பணம் கட்டியதற்கு ரசீதை மெசேஜாக அனுப்பச் சொல்லி, தானாகவே நம்பர் கொடுக்கிறார். அந்த ரசீதை அனுப்புவதற்காகக் கடை அவர் நம்பரைப் பயன்படுத்தலாம். சட்டத்தின் உதாரணம் அவ்வளவுதான். எதற்குக் கொடுத்தாரோ அதற்கு. தீப்பெட்டி ஆபீஸ் அக்கா கேட்ட கேள்விக்கு நாடாளுமன்றம் எழுதிவைத்த பதிலாகவே இதை நான் படித்தேன்.

6-ஆம் பிரிவு சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. வற்புறுத்தல் இல்லாமல், இன்னதற்கு என்று குறிப்பாக, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல், தெளிவாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும். ஏற்கெனவே டிக் போட்ட கட்டம் அதில் சேராது. நாமே செய்த ஒரு செயலாக இருக்க வேண்டும். தேவைக்கு மேல் கேட்டு வாங்கிய சம்மதம் செல்லாது என்பதற்கும் உதாரணம் உண்டு. தொலைவிலிருந்து மருத்துவம் பார்க்கும் ஓர் ஆப், நம் போனில் இருக்கும் எல்லா நம்பர்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. நாமும் சரி என்கிறோம். மருத்துவத்துக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை, எனவே நம் சம்மதம் மருத்துவத்துக்கு மட்டும்தான் என்கிறது சட்டம். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அதே அளவு சுலபமாக இருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. சம்மதம், அறிவிப்பு பற்றிய முக்கியமான பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். அதாவது 2027 மே மாத வாக்கில். கடைக்காரர்கள் தயாராக இப்போது இருப்பது அந்த இடைவெளிதான்.

கேட்காமல் சேர்க்கும் குரூப்புகள்

எஸ்எம்எஸ்ஸை விட எனக்குக் கவலை தருவது வாட்ஸ்அப் குரூப். டிராய் விதிகள் அங்கே செல்லாது. வார்டு குரூப், சங்க குரூப், மனை வியாபார குரூப், கோச்சிங் குரூப் என்று யாரோ யாரையோ சேர்த்துவிடுகிறார்கள். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். சேர்த்த நொடியில் அத்தனை பேர் கண்ணுக்கும் நம் நம்பர் தெரியும்.

கம்ப்யூட்டர் கோர்ஸ் பற்றி விசாரிக்கப் போன ஒரு பிள்ளையை அந்தச் சென்டர் கேட்காமல் குரூப்பில் சேர்த்திருக்கிறது. அங்கிருந்து நம்பரை எடுத்த யாரோ ஒருவன் ராத்திரி நேரத்தில் அழைக்க ஆரம்பித்தான். அவள் அம்மாவோடு கடைக்கு வந்து, “வேற சிம் குடுங்க அங்கிள்” என்றாள். சிம் மாற்றுவது எனக்கு ஐந்து நிமிட வேலை. அவளுக்கு ஆதாரில் மாற்ற வேண்டும், வங்கியில் மாற்ற வேண்டும், கல்லூரியில், உதவித்தொகை விண்ணப்பத்தில், அரசுத் தேர்வுக்குப் போட்ட பதிவில் மாற்ற வேண்டும். தப்பு செய்தவன் ஒருவன், சேர்த்துவிட்டது இன்னொருவர், அலைவது அந்தப் பிள்ளை.

தேர்தல் நேரத்தில் இது அரசியலாகவும் ஆகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது புதுச்சேரியில் வாக்காளர்களின் நம்பரைத் திரட்டி, வாக்குச்சாவடி வாரியாக வாட்ஸ்அப் குரூப்புகள் தொடங்கப்பட்டன. பாஜகவினருக்கு அந்த நம்பர்கள் ஆதார் தகவலிலிருந்து கிடைத்திருக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்தவை என்று அந்தக் கட்சி மறுத்தது. ஆதார் ஆணையம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. எந்தக் கட்சியாக இருந்தாலும், நம்மிடம் கேட்காமல் நம் பெயரை ஒரு பட்டியலில் ஏற்றினால் அது எப்படிக் கிடைத்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

குரூப்புக்கு ஒரு பூட்டு இருக்கிறது. வாட்ஸ்அப் நிறுவனம் 2019 ஏப்ரலில் கொண்டுவந்தது. செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் குரூப்ஸ். அங்கே ‘எவ்ரிஒன்’ என்று இருப்பதை ‘மை காண்டாக்ட்ஸ்’ என்று மாற்றினால், நம் போனில் பெயர் பதிந்தவர்களைத் தவிர வேறு யாரும் நம்மை நேரடியாகச் சேர்க்க முடியாது. மற்றவர்கள் அழைப்பு அனுப்பலாம். ஏற்பதும் விடுவதும் நம் விருப்பம். என் கடைக்கு எந்த வேலைக்கு வந்த போனாக இருந்தாலும், உரியவரிடம் கேட்டுவிட்டு இதை மாற்றிக் கொடுக்கிறேன். காசு கிடையாது.

மின்னஞ்சலும் இதே கதைதான். வயது மட்டும் கூடுதல். 1978 மே மாதம், அமெரிக்காவில் டிஇசி என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை அதிகாரி கேரி தூர்க், அர்ப்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு விளம்பரக் கடிதம் ஒன்றை அனுப்பினார். உலகின் முதல் ஸ்பாம் என்று அதைச் சொல்கிறார்கள். அச்சிட்ட பயனர் பட்டியலிலிருந்து எடுத்த முகவரிகள் அவை. அந்தப் பட்டியலும் விளம்பரத்துக்காகப் போட்டதல்ல. 2024-இல் ஜிமெயிலும் யாகூவும், மொத்தமாகக் கடிதம் அனுப்பும் கம்பெனிகள் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும், 2 நாட்களுக்குள் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. தெரிந்த கம்பெனி என்றால் ‘அன்சப்ஸ்கிரைப்’ அழுத்துங்கள். முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்தால் அதற்குள் இருக்கும் எதையும் தொட வேண்டாம். அழுத்தினால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்கு உறுதியாகிவிடும். ஸ்பாம் என்று புகார் செய்துவிட்டு நகருங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

ஒன்று, 1909. வீட்டில் இருக்கும் எல்லா போன்களிலும் டிஎன்டி போட்டுவிடுங்கள், முக்கியமாக வயதானவர்களின் போனில். ஓடிபியும் வங்கி, அரசுத் தகவல்களும் அதனால் நிற்காது, பயப்பட வேண்டாம். டிராயின் டிஎன்டி ஆப்பில் புகார் கொடுப்பது இன்னும் சுலபம்.

இரண்டு, அழைப்புகள். விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும், சேவை அழைப்பு 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். சாதாரண 10 இலக்க நம்பரிலிருந்து வங்கி பேசுகிறேன் என்று வந்தால் சந்தேகப்படுங்கள். மோசடி என்று தோன்றினால் மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம். பணமே போய்விட்டால் உடனே 1930.

மூன்று, ஆப் அனுமதிகள். நம் போனில் இருப்பது நம் நம்பர் மட்டுமல்ல; நம்மை நம்பிக் கொடுத்த இருநூறு, முந்நூறு பேரின் நம்பர். கடன் ஆப்கள் இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு சொந்தபந்தங்களை மிரட்டிய கொடுமையை நாம் பார்த்திருக்கிறோம். அதனால்தான் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் காண்டாக்ட் பட்டியலைத் தொடவே கூடாது என்று விதித்தது. டார்ச் ஆப்பும் கேம் ஆப்பும் காண்டாக்ட் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

என் சக வியாபாரிகளுக்கு

கடைசியாகச் சொல்ல வேண்டியது என் பக்கத்துக் கடைக்காரர்களிடம். பண்டிகைக்கு நான்கு பேர் கூடுதலாக வர வேண்டும் என்ற தவிப்பு எனக்கும் உண்டு. ஆன்லைன் கம்பெனிகளோடு போட்டி போட்டுத்தான் நாம் எல்லாரும் கடை திறக்கிறோம். விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

2027 மே வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பில் போடும் இடத்தில் தமிழில் ஓர் அட்டை வையுங்கள்: ‘செல் நம்பர் கட்டாயமில்லை. சலுகைத் தகவல் வேண்டுமென்றால் மட்டும் சொல்லவும்.’ பில்லுக்கு வாங்கும் நம்பரையும் விளம்பரத்துக்குக் கேட்கும் நம்பரையும் தனித்தனியாக வையுங்கள். நிறுத்தச் சொன்னவரின் நம்பரை அன்றைக்கே அழியுங்கள். பட்டியலை எந்த விலைக்கும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளுக்கு நம்பர் டார்கெட் வைப்பதை நிறுத்துங்கள்.

விரும்பிக் கொடுத்த நூறு நம்பருக்கு அனுப்பும் மெசேஜைத் திறந்து படிப்பார்கள். கேட்காமல் சேர்த்த பத்தாயிரம் நம்பருக்கு அனுப்புவது, யாரோ ஒருவரின் சிலிண்டர் எண்ணை மறைக்கத்தான் உதவும். நம்மிடம் பொருள் வாங்க வருகிறவர் நம் வாடிக்கையாளர். அவர் நம்பர் அவருடையது. தருகிறீர்களா என்று ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு பில்லை மட்டும் கொடுத்து அனுப்புங்கள். அவர் மறுபடியும் நம் கடைக்கே வருவார்.